கரமனையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு டின் மண்டி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கோயில் பார்க்கப் போவார்கள், கச்சேரியில் மனு கொடுக்கப் போவார்கள், மிருகக்காட்சிசாலை பார்க்கப் போவார்கள். நான் ஒரு கக்கூஸ் தொட்டியைப் பார்க்கப் போனேன். யுத்த காலம், பெட்ரோல் தட்டுப்பாடு, ஐப்பசி மழை வேறு. ஆனாலும் அந்த வியாழக்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை.

நான் தலைமையாசிரியையாக இருக்கும் பெண்கள் பள்ளியில் போன வருடம் சண்டை போட்டு ஒரு செப்டிக் டாங்க் கட்டவைத்தேன். அதுவரை தங்கம் என்ற பெண்தான் எல்லாவற்றையும் வாளியில் அள்ளித் தலையில் சுமந்தாள். தொட்டி வந்ததும் அவளைப் பள்ளி ஆயாவாக வைத்துக்கொண்டேன். ஆனால் தொட்டி தெருவையே நாறடித்தது. சனிக்கிழமை பள்ளிக் கமிட்டி கூடி அதை மூடிவிடும் என்று செயலாளர் அறிவித்துவிட்டார். மூடினால் மறுபடியும் வாளி. வாளி என்றால் தங்கம். என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

காலை ஆறு மணி சர்க்கார் பஸ், நாற்பத்திரண்டு மைல், டிக்கெட் திருவிதாங்கூர் காசில் இருபத்தொரு சக்கரம், அதாவது முக்கால் ரூபாய். பெட்ரோலுக்குப் பதில் அடுப்பில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடும் வண்டி. தக்கலை தாண்டியதும் ஒரு மேட்டில் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். நெய்யாற்றின்கரையில் வண்டி நிற்கும்போது புட்டும் கடலையும் சாப்பிடலாம், காப்பியைத் தொடாதீர்கள். பதினோரு மணிக்குக் கரமனைப் பாலம் தாண்டி இறங்கினேன். ஊர் பார்க்கும் ஆசை இல்லாதவர்கள் பஸ் கடைசியாக நிற்கும் கிழக்கேகோட்டை வரை போக வேண்டியதில்லை.

நான் தேடிப்போனவர் அக்கிரகாரத்தில் குடியிருக்கும் ஓவர்சியர் சுப்பையர். பக்கத்தில் ஒரு மாணவர் விடுதியின் தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது, அது நாறுவதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மூடியைத் திறந்து காட்டினார். நாற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"உங்க தொட்டியிலே என்ன விடறேள்?" என்று கேட்டார்.

"தினமும் ரெண்டு குப்பி பினாயில். செயலாளர் உத்தரவு. கிருமி இருக்கக் கூடாதாம்."

"கொன்னுட்டேளே டீச்சர்! அந்தக் கிருமிதானே ஜோலி செய்யறது? கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்கிலே உள்ளே இருந்துண்டு எல்லாத்தையும் தின்னு கரைக்கறதாக்கும். தினம் விஷம் வச்சா யார் தின்பா?"

எனக்கு வந்தது சிரிப்பல்ல, ஆத்திரம். சுத்தம் சுத்தம் என்று சொல்லியே ஒரு பெண்ணின் தலையில் வாளியை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள்!

தொட்டியின் அடியிலிருந்து கறுப்பு மண்டியை ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளிக் கொடுத்தார். "பாலுக்கு உறை குத்தற மாதிரிதான். பினாயிலை நிறுத்திட்டு இதை விடுங்கோ. டின்னை இறுக்கி மூடாதேங்கோ, வாயு சேரும்."

நாற்றத்துக்குப் பயந்து நான் இறுக்கித்தான் மூடினேன். இரண்டு மணி பஸ் பாலராமபுரம் தாண்டும்போது, மடியிலிருந்த டின்னின் மூடி டப்பென்று தெறித்தது. பஸ் முழுக்க நாற்றம்.

கண்டக்டர் ஓடிவந்தார். "எந்தாக்கும் இது?"

"கக்கூஸ் தொட்டி மண்டி" என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

"எறங்கணும்."

"டிக்கெட் எடுத்திருக்கேன். இறங்க மாட்டேன்."

முன்சீட்டில் ஜரிகை வேட்டிக்காரர் ஒருவர் திரும்பினார். "படிச்ச பொம்பள, இதையா மடியில வச்சிருக்கது?"

"எங்க ஊர்ல ஒருத்தி இதைத் தினமும் தலையில சுமந்தா. அவகிட்ட யாரும் இப்படிக் கேக்கலையே!"

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைக் காப்பாற்றியது நியாயம் அல்ல, கரி. "வண்டி நின்னா பின்ன கிளப்ப ஒரு மணிக்கூறாகும், டீச்சர் இருக்கட்டும்" என்று டிரைவர் சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சு முழுவதும் எனக்கே கிடைத்தது.

ஆறரை மணிக்குப் பள்ளிக்கு வந்தேன். தங்கம் டின்னை வாங்கக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை, நானே ஊற்றினேன்.

சனிக்கிழமை கமிட்டியில், கரமனையில் நடந்ததைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல கிருமி வளர்க்கணுமாக்கும்!" என்று செயலாளர் சிரித்தார். தொட்டியை மூடத் தீர்மானம் எழுதினார்.

"திங்கட்கிழமை வாளியை யார் தூக்குறது? அந்தப் பேரையும் எழுதுங்க" என்றேன்.

எல்லாருக்கும் பெயர் தெரியும். ஆனால் தங்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எம்பேர எழுதாதீங்க. நான் தூக்க மாட்டேன்" என்றாள், சத்தமாக. அந்த அறையில் அவள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. செயலாளரின் பேனா அப்படியே நின்றது. மூன்று மாதம் பார்ப்பது என்று ஒத்திவைத்தார்கள். இரண்டாவது மாதமே நாற்றம் அடங்கிவிட்டது.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் போனால் அன்றே திரும்பலாம். டின் மூடியைத் தளர்வாக வையுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், இறங்காதீர்கள். திரும்பி வந்ததும் பினாயிலைப் பூட்டுங்கள். எங்கள் பள்ளியில் பூட்டியாகிவிட்டது, சாவி தங்கத்திடம் இருக்கிறது. செயலாளருக்கு வேண்டுமானால் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.