ஐந்தாவது குழி

என் வலது கையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருடம் முழுக்க என்னோடு மல்லுக்கு நின்றது அதுதான்.

பத்தொன்பது வருடம் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய கை அது. பெங்களூரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலை. தொலைபேசிக்குள் போகும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைச் சோதித்து அனுப்பும் பிரிவு. வெள்ளைக் கோட்டு, முதுகு சாயாத ஸ்டூல், தலைக்கு மேல் குழல்விளக்கு. தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்து அளந்து, சரி என்றால் பச்சைச் சீட்டு, சரியில்லை என்றால் சிவப்பு. மயிரிழை வித்தியாசத்தையும் காட்டிக்கொடுக்கும் வெர்னியர் என்கிற அளவுக் கருவி எங்கள் பெல்ட்டில் தொங்காத குறைதான். போகப்போக அதுவும் தேவைப்படவில்லை. விரல் நுனி சொல்லிவிடும்: இது கொஞ்சம் பெரிது, இது உள்ளே போனால் ஆடும், இது ஆகாது.

சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாலும் கை ஓயாது. கோணலாகத் தொங்கும் காலண்டர், ஒரு பக்கம் தடித்த தோசை, மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான். "உனக்கு இருக்கிறது கண்ணா, வெர்னியரா?" என்பார் கணவர். மாநில அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே வாழ்கிறவர். அவருக்கு எதுவும் கோணலாகவே தெரியாது. அது ஒரு வரம்.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு தட்டுகள் குறைய ஆரம்பித்தன. வெளியிலிருந்து கம்பெனிகள் வந்தன, மெல்லிசான போன்கள் வந்தன, எங்கள் கனத்த கறுப்புப் போனை யாரும் கேட்கவில்லை. சோதிக்க ஒன்றும் இல்லாத சோதனைப் பிரிவில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. காலி வாணலியைக் கிளறிக்கொண்டே இருப்பது மாதிரி. விருப்ப ஓய்வுக் காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் கணவர்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"அதுக்குத்தானே கேக்கணும்!"

சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியை ஆகப் போகிறேன் என்றபோது அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். குழந்தைகள் பிடிக்கும், அதனால்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எதைப் பார்த்தாலும் முதலில் குறையைப் பார்க்கும் இந்தக் கண்ணோடு இன்னும் முப்பது வருடம் வாழ எனக்குத் தெம்பில்லை. சிவப்புச் சீட்டே இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

தொம்மலூரில், பழைய ஓட்டு வீடுகளுக்கும் புதிதாக எழும்பும் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பள்ளி. இத்தாலிய அம்மையார் ஒருவர் கண்ட முறையில் நடக்கிற பள்ளி. அங்கேயே பயிற்சியும் உண்டு. ஒரு வருடப் பயிற்சி, கடைசியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து காட்டும் செய்முறைத் தேர்வு. தேறினால் அதே பள்ளியில் வேலை. தவறினால் இன்னொரு முறை தருவார்கள். அதிலும் தவறினால் நடையைக் கட்ட வேண்டியதுதான். திரும்பிப் போக எனக்குத் தொழிற்சாலையும் இல்லை.

என்னோடு பயின்றவர்கள் எல்லாம் இருபத்தோரு, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். முதல் நாளே "ஆன்ட்டி, இந்த இடம் ஃப்ரீயா?" என்று ஒருத்தி கேட்டாள். குழந்தைகளும் அங்கே ஆசிரியைகளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் மேடம் மேடம் என்று கேட்டுப் பழகிய காது. ஒரே வாரத்தில் ஊருக்கே ஆன்ட்டி ஆகிவிட்டேன். பயிற்சி கொடுத்தவர்தான் இங்கே மேடம். பள்ளியின் தலைமையாசிரியையும் அவரே. என்னைவிட ஐந்து வயது சின்னவர்.

மேடம் முதல் வகுப்பில் சொன்னது இது: "குழந்தை தப்பா பண்ணினா நீங்க திருத்தக் கூடாது. கரெக்டா பண்ணினா புகழவும் கூடாது. மெட்டீரியலே அதுக்குச் சொல்லிடும். உங்க கை ரெண்டும் மடியில இருக்கணும். அஷ்டே."

அஷ்டே என்றால் கன்னடத்தில் அவ்வளவுதான். எனக்கு அதுதான் மலையாக இருந்தது.

மெட்டீரியல் என்று அவர் சொன்னதில் ஒன்றுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முழங்கை நீள மரக்கட்டை ஒன்று. அதில் வரிசையாகப் பத்துக் குழிகள், பெரியதிலிருந்து சிறியது வரை. ஒவ்வொரு குழிக்கும் பொருந்துகிற மாதிரி பத்து மர உருளைகள், தலையில் குமிழோடு. உருளைகளை வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு, குழந்தை மறுபடி பொருத்த வேண்டும். ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை இடம் கிடைக்காமல் நிற்கும். அதைப் பார்த்துக் குழந்தை தானே தன் தப்பைக் கண்டுபிடிக்கும். யாரும் வாய் திறக்க வேண்டாம். எவ்வளவு அழகான யோசனை! முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. சிவப்புச் சீட்டு ஒட்ட ஆள் இல்லாமலே ஒரு சோதனைப் பிரிவு.

என் தேர்வுக்கு வந்தவள் நாலு வயதுப் பெண். அந்தத் தெருவிலேயே வீடு, வீட்டில் தமிழ். இரட்டைக் குடுமி, எப்போதும் ஒரு சாக்ஸ் இறங்கியே இருக்கும். அந்தச் சாக்ஸை இழுத்துவிடாமல் இருக்கவே எனக்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. பாய் விரித்து உட்கார்ந்தோம். மேடம் இரண்டடி தள்ளி நோட்டோடு உட்கார்ந்தார். பெண் உருளைகளை எடுத்தாள், கலைத்தாள், ஒவ்வொன்றாகப் போட்டாள். நாலாவது உருளையை எடுத்து ஐந்தாவது குழியில் வைத்தாள்.

போகக் கூடாது. அது பெரிய உருளை, சின்னக் குழி. முட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

போய்விட்டது. வெண்ணெயில் விரல் இறங்கின மாதிரி இறங்கியது. ஐந்தாவது உருளை நாலாவது குழிக்குப் போனது. பத்தும் உள்ளே. எதுவும் மிச்சமில்லை. மரம் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு இன்றும் மனசில்லை. கை செய்தது. மடியிலிருந்து எழுந்து, இரண்டு உருளைகளையும் உருவி, இடம் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி மடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேடம் நோட்டை மூடினார்.

"மேடம், அவ மேல தப்பில்ல. அந்தக் கட்டை தப்பு. அஞ்சாவது குழி பெருசு" என்றேன்.

"இருக்கலாம். கட்டை தப்பா இருக்கலாம். நீங்க கை வச்சதும் தப்புதான். கட்டையை அப்புறம் பாக்கலாம். உங்க கையை எப்ப பாக்கறது?"

மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை என்றார். கடைசி முறை.

வீட்டில் கணவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அங்க உன்னைப் பாத்து ஃபேக்டரியே நடுங்கிச்சு. இங்க நாலு வயசு வாண்டு உன்னை ஃபெயில் பண்ணிடுச்சு."

"அவ பண்ணல."

"பின்ன யாரு, மரக்கட்டையா?"

ஆமாம், மரக்கட்டைதான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. டம்ளரை வாங்கி, அது வைத்த ஈர வட்டத்தைத் துடைத்தேன்.

தோற்றது கூடப் போகட்டும். மறுநாளிலிருந்து அந்தப் பெண் எதைச் செய்தாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். மணி கோத்தால், "கரெக்டா ஆன்ட்டி?" தண்ணீர் ஊற்றினால், "கரெக்டா ஆன்ட்டி?" செருப்பு மாட்டினால்கூட இரண்டு காலையும் நீட்டி, "கரெக்டா ஆன்ட்டி?" மற்ற குழந்தைகள் தம்பாட்டுக்கு ஏதோ முனகிக்கொண்டு வேலை செய்யும். இவள் மட்டும் என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு நொடியில் ஒரு சோதனைப் பிரிவை நான் அவளுக்குள் திறந்துவிட்டிருந்தேன். எதை விட்டு ஓடி வந்தேனோ அது இறங்கின சாக்ஸோடு தினமும் என் முன்னால் வந்து நின்றது.

ஒரு நாள் வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கட்டையை அளந்தேன். ஐந்தாவது குழி இரண்டு மில்லிமீட்டர் அதிகம். நாலாவது உருளை ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. காகிதத்தில் எழுதி மேடம் மேஜையில் வைத்தேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, வெர்னியரைத்தான் பார்த்தார். "நீங்க இன்னும் ஃபேக்டரிலதான் இருக்கீங்க" என்றார். "புது செட் ஆர்டர் குடுத்திருக்கு. அடுகோடில பண்ணிட்டிருக்காங்க. வரும்."

வரும் வரை பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அடுகோடிக்குப் பஸ் ஏறினேன். இரும்புப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு மரப்பட்டறை. கடைசல் மிஷின் முன்னால் தாடியெல்லாம் மரத்தூளாக ஒரு பாய். புதுக் கட்டை வார்னிஷ் மின்ன மேஜையில் இருந்தது. நாலாவது உருளையை எடுத்து ஐந்தாவது குழியில் வைத்தேன். வெண்ணெய்.

"பாய், இதுலயும் அதே தப்பு இருக்கு!"

"தப்பா? வாய்ப்பே இல்ல மேடம்." அவர் அலமாரியிலிருந்து இன்னொரு கட்டையை எடுத்தார். பள்ளிக் கட்டையின் அண்ணன் மாதிரி, அதைவிடப் பழசு, ஓரமெல்லாம் தேய்ந்தது. "இது சாம்பிள். ஸ்கூல்ல குடுத்தது. பழசையும் இதைப் பாத்துதான் பண்ணேன், புதுசையும் இதைப் பாத்துதான். வேணும்னா அளந்துக்கோங்க. ஒரு நூல் வித்தியாசம் இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

அளந்தேன். அவர் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாம்பிளில் இருந்த தப்பு புதியதில் துல்லியமாக வந்திருந்தது. தப்பை இவ்வளவு நேர்த்தியாகச் செய்த ஒரு வேலையை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. தொழிற்சாலையாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டியிருப்பேன்.

"பச்சே, சின்னப் பசங்கதானே மேடம் விளையாடப் போறாங்க. ரெண்டு மில்லி யாரு பாக்கப் போறா?"

யார் பார்க்கப் போகிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ஒரு கம்பெனி மூடுகிறது, இன்னொன்று திறக்கிறது, இங்கே ஒரு மரக்கட்டையைக்கூட என்னால் திருத்த முடியவில்லை. திருத்துவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதையும் செய்யக் கூடாது என்பதுதான் என் புது வேலை. ஓசூர் ரோடு முழுக்க இதையே மென்றுகொண்டு வந்தேன். கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டார்.

இரண்டாவது தேர்வு. அதே பாய், அதே பெண், புதுக் கட்டை. வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம் நோட்டைத் திறந்தார்.

அவள் மறுபடியும் அப்படியே போட்டாள். நாலு ஐந்தில், ஐந்து நாலில். போட்டுவிட்டு ஐந்தாவது உருளையின் குமிழை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, எனக்குத் தெரிந்ததுதான், முகத்தை நிமிர்த்தினாள்.

"கரெக்டா ஆன்ட்டி?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் வேலை கிடைக்காது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் நகம் என் கையிலேயே பதிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கட்டையைத் தூக்கிப் போய் அலமாரியில் டமாரென்று வைத்தாள்.

மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னைக்குத்தான் நீங்க டீச்சர் ஆனீங்க."

பக்கத்து அறைப் பெண்கள் கை தட்டினார்கள். சாயங்காலம் கணவர் மைசூர்பாகு வாங்கி வந்தார். எல்லாம் நடந்தது. ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட, தப்பென்று தெரிந்த ஒரு துண்டை நான் உள்ளே அனுப்பியதில்லை. அன்றைக்கு அனுப்பினேன். அதற்குத்தான் எனக்குச் சான்றிதழ்.

வேலை உறுதியான முதல் திங்கட்கிழமை, யாரையும் கேட்காமல் அந்தக் கட்டையை அலமாரியிலிருந்து எடுத்து என் பைக்குள் வைத்தேன். மேடம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையும் மடியில் இருந்திருக்கும்.

பெண் வந்தாள். காலி இடத்தைப் பார்த்தாள். "அது எங்க ஆன்ட்டி?"

"அதை ரிப்பேருக்கு எடுத்துட்டேன்மா. அதுல தப்பு இருக்கு. நீ பண்ணதுல இல்ல."

"தெரியும்" என்றாள், சாதாரணமாக. "அது டக்டக்னு ஆடும்."

"உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. தட்டிப் பாத்தேனே."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அவள் என்னை, கோணலாகத் தொங்கும் காலண்டரை நான் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நான்தானே உங்களைக் கேட்டேன். நீங்கதான் சொல்லல."

சொல்லிவிட்டு மணி கோக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் என்னிடம் "கரெக்டா" என்று கேட்கவில்லை. மேடத்தின் கணக்குப்படி அதுதான் என் முதல் வெற்றி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாக்ஸ் இறங்கிய அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் மடியில் வைத்தபடி, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.