அண்ணி வாங்கிய வீடும் வழியும்

எங்கள் அண்ணிக்குக் காது பாதிதான் கேட்கும். விசைத்தறிக் கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டத் தொடங்கி, கடைசியில் அந்தக் கொட்டகைக்கே முதலாளி ஆனவர். அங்கே இருக்கிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோசனமில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அண்ணியை விட்டுப் போகவே இல்லை. அவர் இருக்கும் அறையில் குடும்பத்தில் யாரும் புரளி பேசத் துணிய மாட்டோம்.

அண்ணன் போனபின் கொட்டகையையும் அதை ஒட்டியிருந்த வீட்டையும் விற்றார். ஒரே மகள் வெளிநாட்டில் குடும்பமாக இருக்கிறாள். கூப்பிட்டாளே என்று போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவர் என்னிடம் சொன்னார்:

"மாப்பிள்ளை தங்கமானவர் தம்பி. ஒரு குறையும் இல்ல. ஆனா நான் தட்ட எடுத்தா பொண்ணு ஓடி வந்து வாங்கிக்கிறா. கதவத் தொறந்தா எங்க போறேன்னு எட்டிப் பாக்குறா. எத்தன வருஷத்துக்கு விருந்தாளியாவே இருக்கிறது?"

அதனால் அந்த நாட்டிலேயே, மகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், நாட்டுப்புறமாகப் பார்த்து அமைதியான ஒரு வீடு வாங்கப் போகிறாராம். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

"அண்ணி, காது கேக்காதவங்களுக்கு அமைதியான வீடு எதுக்கு?"

"காதுக்குள்ள இன்னும் தறி ஓடுது தம்பி. வெளியவும் சத்தம்னா எப்படித் தாங்குறது?"

நானே துணைக்குக் கிளம்பினேன்.

மகள் பிடித்துவைத்திருந்த தரகர் நம்மாள். நம் மொழியில் அம்மா அம்மா என்று உருகினார். அவர் காட்டிய வீடும் அருமை. கனத்த சுவர், ஓட்டுக்கூரை, சுற்றிலும் வயல். சாலையிலிருந்து வாசலுக்கு வர, வயலுக்கு நடுவே ஒரு மண்பாதைதான் உண்டு. அண்ணி ஒவ்வொரு சன்னலையும் திறந்து மூடினார். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்துகூடப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஒரே ஒரு சிக்கல். அங்கே வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கலாம், விளைநிலம் வாங்கக் கூடாது. வீட்டுக்காரம்மாவோ இரண்டையும் சேர்த்துத்தான் விற்பேன் என்கிறார்.

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? வயல என் மச்சான் பேர்ல போட்டுக்கலாம். அவன் இந்த நாட்டுக் குடிமகன், சும்மா பேருக்குத்தான்" என்றார் தரகர். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மகளும் சொன்னாள்.

யோசிக்கிறேன் என்று அண்ணி சமையலறைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தரகர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அண்ணி மட்டும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி?"

"மச்சான்கிட்ட பேசுறாரு. செவிட்டுக் கெழவி மசிஞ்சிருச்சாம். வயலு இவங்க கைக்கு வந்துட்டா வழிய அடைச்சிரலாமாம். அப்புறம் வீட்டையும் அடிமாட்டு விலைக்குக் குடுத்துட்டு நான் ஓடிப் போயிருவேனாம்."

அண்ணி நிதானமாகக் கதவைத் திறந்தார்.

"இனிமே இந்தச் செவிட்டுக் கெழவி எதிர்ல நின்னா, முதுகக் காட்டிக்கிட்டுப் பேசுங்க."

தரகர் போனைப் பைக்குள் போட்டார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு கைநழுவியது என்று மகள் அழுதாள். அண்ணி அழவில்லை. மகளையே மொழிபெயர்க்கச் சொல்லி வீட்டுக்காரம்மாவிடம் பேசினார்.

"வீட்ட மட்டும் எனக்குக் குடுங்க. வயலு உங்க ஊர்க்காரங்களுக்கே போகட்டும். ஆனா ரோட்டுலேர்ந்து வாசல் வரைக்கும் வந்துபோற உரிமை பத்திரத்துல இருக்கணும். அடுத்தவன் தயவுல நான் என் வீட்டுக்குள்ள நுழைய மாட்டேன்."

வயலைத் தனியாக யார் வாங்குவார் என்று அந்த அம்மா கையை விரித்தார். பக்கத்து வயல்காரர் இருக்கிறாரே என்று அண்ணி கேட்டார். அவரோடு மாடு மேய்ந்ததில் ஏதோ சண்டையாம், பேச்சுவார்த்தையே கிடையாதாம். எனக்கென்ன சண்டை என்று அண்ணி மகளை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். அந்த மனுஷருக்கு வயல் மேல் எத்தனையோ காலமாக ஆசை, கேட்கத்தான் வீம்பு விடவில்லை. பாதையைத் தொட மாட்டேன் என்று எழுதித் தரவும் சம்மதித்தார். அறிமுகமில்லாத நாட்டில், மொழி தெரியாமல், இரண்டு வீட்டுப் பகையைத் தீர்த்துவைத்து வீடு வாங்கிய மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மா அண்ணியின் கையை விடாமல் ஏதோ சொன்னார். மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்: "நான் பிள்ளை வீட்டுக்குப் போறேன், நீங்க பிள்ளை வீட்லேர்ந்து வர்றீங்கன்னு சொல்றாங்கம்மா."

மற்றவர்கள் போனபின் மகள் கெஞ்சினாள். "இன்னைக்கு மட்டும் நம்ம வீட்டுக்கு வாம்மா. சாமான் வந்ததும் இங்க வந்துக்கலாம்."

"நீ கெளம்பு. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. என்ன சமைக்கட்டும்னு இப்பவே சொல்லிட்டுப் போ."

என்னையும் ஏற்றிக்கொண்டு மகள் வயல் நடுவே காரை ஓட்டினாள். சாலைக்கு வந்ததும் நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, எனக்கு மறுபடியும் அம்மா வீடு கெடச்சிருச்சு."