ஏகாதசியன்று ஒரு காலித் தட்டு

மக்களே,

தினமும் காலையில் நீங்கள் ரெண்டு பேரும் என்னைக் கேலி பண்ணுகிறீர்கள். அப்பா ராகுகாலம் பார்க்காமல் ஷூ போடமாட்டார் என்று. அடுக்களைச் சுவரில் தொங்குகிற காலண்டருக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் டூட்டிக்குக் கிளம்புகிறேன், உண்மைதான். ஆனால் நான் பார்ப்பது ராகுகாலம் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் தமிழில் படித்தவன். பிழை இருக்கும். நீங்களும் எழுத்துக்கூட்டித்தானே படிக்கப் போகிறீர்கள், ரெண்டும் சரியாகப் போகும்.

இந்த மலையாள ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த நான் நர்சிங் படிக்கப் போனபோது தெருவே சிரித்தது. "ஆம்பளப் பய பெட்பேன் எடுக்கவா போறான்?" என்று கேட்டார்கள். நான் கவலைப்படவில்லை. படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. நர்சிங் ஸ்கூலில் ஒரு நோயாளியைக் கொடுத்தால் காலை முழுக்க அவர் ஒருத்தர்தான். அவரைப் பற்றி முப்பது பக்கம் எழுதலாம். ஊசி போடுவதை முதலில் ரப்பர் பொம்மையில் பழகினோம். அப்புறம் மனிதர்கள் மேல் போட்டபோதும் டீச்சர் பின்னாலேயே நின்றார். நான் எழுதியதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துதான் எனக்குக் குடை மாதிரி இருந்திருக்கிறது. இருக்கிறவரைக்கும் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில். முதல் நாளே பன்னிரண்டு கட்டில். ஒருவர் மருந்து கேட்பார், ஒருவருக்கு டிரிப் நின்றிருக்கும், ஒருவரை ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். முப்பது பக்கம் எழுதிய கை, ஒரு வரி எழுத நேரமில்லாமல் ஓடியது. முதல் மாதம் டூட்டி நேரத்தில் நான் தண்ணீரே குடிக்கவில்லை, பாத்ரூம் போக நேரமில்லையே என்று. சார்ட்டில் நான் எழுதுவதற்குக் கீழே வேறு யாரும் கையெழுத்துப் போடவும் இல்லை.

மூன்று மாதம் புரபேஷன். அது முடிய ஒரு வாரம் இருந்தது. உங்கள் அம்மா பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். மூத்தவளே, அவள் வயிற்றில் இருந்தது நீதான். அந்த வேலை போனால் மறுபடி மிளகாய்க் கடைதான் என்று எனக்கு உறக்கத்திலும் பயம்.

அந்த வாரம் ஆறாம் கட்டிலில் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு மாமா இருந்தார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ரிட்டயர் ஆனவர். வார்டில் தமிழ் பேச ஆள் கிடைத்துவிட்டதென்று என்னை விடவே மாட்டார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு எந்தக் கையில குத்தப் போறே?"

"எந்தக் கை மாமா சும்மா இருக்கு?"

"ரெண்டும் சும்மாத்தான் இருக்கு. ரிட்டயர்டு கை."

அன்று காலையும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே இன்சுலின் போட்டேன். அந்த இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. நாலு இட்லியும் சாம்பாரும் அவர் பக்கத்துப் பெட்டிமேல் வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் குத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் ஓடும்போது தட்டு காலி. சார்ட்டை எடுத்து, காலை உணவு முழுவதும் சாப்பிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு ஏகாதசி. மாமாவுக்கு முப்பது வருஷ விரதம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மூச்சு விடவில்லை. மாமி கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது பாலும் பழமும் கொண்டுவருவாள், அது போதும் என்று இருந்திருக்கிறார். சாப்பாடு வீணாக வேண்டாமே என்று இட்லியை ஏழாம் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டார். அங்கே விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு மீன்காரர், தம்பிக்குத் துணையாக இருந்தார். துணைக்கு இருப்பவரை இங்கே பைஸ்டாண்டர் என்பார்கள், உங்களுக்குத் தெரியும். அந்த பைஸ்டாண்டர் நாலு இட்லியையும் சாப்பிட்டுத் தட்டைத் திருப்பி அதே பெட்டிமேல் வைத்துவிட்டார்.

ரப்பர் பொம்மை விரதம் இருக்காது. நிஜ மனிதர் இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? என் அம்மாவே ஆடி வெள்ளியும் கார்த்திகையும் பட்டினி கிடக்கிறவள். வார்டில் இருந்த மற்ற நர்ஸுகளுக்குத் தோன்றாமல் போகலாம், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "மாமா, சாப்டேளா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஒன்பதரை இருக்கும். "பிரதரே!" என்று மீன்காரர் கத்தினார், ஆண் நர்ஸை இங்கே அப்படித்தானே கூப்பிடுவார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா சட்டை முழுக்க வியர்த்து நனைந்து, என்னைப் பார்த்து, "ஆபீஸ் பஸ் போயிடுத்தா?" என்று குழறுகிறார். விரலில் குத்தி சர்க்கரை பார்த்தேன். ஐம்பதுக்கும் கீழே. எனக்கு ரெண்டு வருஷம் சீனியரான ஒரு நர்ஸ் சேச்சி அதற்குள் குளுக்கோஸ் ஊசியோடு வந்துவிட்டார். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டே மாமாவின் கையில் இருந்த குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மீன்காரர் என் பக்கத்தில் வந்து மலையாளத்தில் மெல்லச் சொன்னார்: "பிரதரே, அந்த இட்லி நான் தின்னது. சாமிக்கு இன்னிக்கு விரதமாம். அவர் ஒண்ணும் கழிச்சிட்டில்ல." மாமா ஒன்றுமே சாப்பிடவில்லை என்கிறார். கடலில் போகிற பெரிய உடம்பு. முகம் வெளுத்திருந்தது. தன்மேல் பழி வரும் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னார்.

மாமா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். ஆள் தெளிந்துவிட்டார். அந்த நேரம் டாக்டரும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் வந்தார்கள். டாக்டர் சார்ட்டைப் படித்தார்.

"முழுசும் சாப்பிட்டிருக்கார். அப்படியும் இவ்வளவு இறங்கியிருக்கா? கிட்னியைப் பார்க்கணும். ராத்திரி டோஸைப் பாதியாக்குங்க."

மாமா என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, டாக்டரிடம் திரும்பி, "சாப்ட்டேன் டாக்டர். அப்பறம் பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்துட்டேன். இந்தப் பையனுக்குத் தெரியாது" என்றார்.

அவருக்கு விரதம் மறைந்துவிடும், எனக்கு வேலை தப்பிவிடும். மீன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேச்சிக்கு எதுவும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு நிமிஷம் மூடிக்கொண்டுதான் இருந்தேன், மக்களே. உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. உங்கள் அம்மாவின் வயிறு கண்ணில் வந்தது. ஆனால் டாக்டர் இல்லாத வாந்திக்கு மருந்து எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"இல்ல டாக்டர். அவர் சாப்பிடவே இல்ல. இன்னிக்கு விரதம். நான் காலித் தட்டைப் பார்த்துட்டு எழுதிட்டேன்."

இன்சார்ஜ் சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அவர் சாப்பிடறதை நீ கண்டோ?"

"இல்ல சிஸ்டர். தட்டைத்தான் கண்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். மாமாவைத்தான் திட்டினார், நன்றாகவே திட்டினார். கிட்னி டெஸ்டும் வேண்டாம், டோஸும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டர் என்னை உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். என் பழைய வரியை அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டுத் தவறு என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். புரபேஷன் மூன்று மாதம் நீண்டது. "அடுத்த மூணு மாசம் உன் சார்ட்டை நான் தினமும் படிப்பேன்" என்றார். தண்டனையாகத்தான் சொன்னார். எனக்குப் பழைய குடையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

மாமாவிடம் போனேன். கோபமாகத் திரும்பிப் படுத்திருந்தார்.

"உன்னைக் காப்பாத்தலாம்னு பாத்தா, நீ என்னை மாட்டிவிட்டுட்டியே!"

"மன்னிச்சுக்கோங்க மாமா."

"போடா. மாமி வந்து வேற திட்டப் போறா." என் பக்கம் திரும்பி, "ராத்திரி நீயே வந்து குத்து. அந்த நைட்டுக்காரன் கொசு மாதிரி நாலு தடவை குத்தறான்."

"எனக்கு ரெண்டு மணியோட டூட்டி முடிஞ்சிடும் மாமா."

"அப்போ நாளைக்கு வா. நாளைக்கு துவாதசி. நன்னா சாப்பிடுவேன், நின்னு பாத்துக்கோ."

அடுத்த நாள் நின்று பார்த்தேன். மூன்று இட்லி. நாலாவதை மீன்காரருக்கு நீட்டினார். அவர், "அய்யோ, எனக்கு வேண்டாம் சாமி!" என்று ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வார்டே சிரித்தது.

இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், திட்டியவர்கள் எத்தனையோ பேர், எல்லாருக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அந்த மீன்காரருக்குத்தான். அவர் வாயைத் திறந்த பிறகுதான் என் வாய் திறந்தது. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் தம்பி குணமாகி, ஒருநாள் என் லீவில் ரெண்டு பேரும் போய்விட்டார்கள்.

அந்த ஏகாதசியன்று டூட்டி முடிந்து தம்பானூரில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. வீட்டில் யாரும் இல்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குப் போனேன். சுவரிலிருந்து காலண்டரை எடுத்துத் தரையில் விரித்தேன். சட்டைப் பையில் இருந்த வார்டு சிவப்புப் பேனாவால் அந்த வருஷத்தில் மிச்சமிருந்த ஏகாதசிகளை ஒவ்வொன்றாகத் தேடி வட்டம் போட்டேன். அப்புறம் சஷ்டி, கார்த்திகை, ஆடி வெள்ளி. முஸ்லிம்களின் நோன்பு மாதம் எப்போது தொடங்கும், ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளி எது என்று பார்த்து அதற்கும் போட்டேன். டிசம்பர்த் தாள் வரைக்கும் போட்டு முடித்து, காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.