பாரம் கொடுத்த பிள்ளை

பாரிசுக்கு வெளியே ஒரு மாணவர் விடுதியில் துப்புரவு வேலை செய்கிறேன். செப்டெம்பர் பிறந்தால் வாசலில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். தாயும் தகப்பனும் பெட்டி, தலையணை, மேசைவிளக்கு எல்லாவற்றையும் மேலே தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். பிறகு பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் வருடம் தும்புத்தடியோடு ஒதுங்கி நின்று பார்த்தேன். பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளையை யாரிடம் பாரம் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிய ஆசை. ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கம் அப்படி இல்லை. என் மகள் நிலானிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் கிடைத்தது. எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவது கஷ்டம் என்று, பலாலி வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்தாள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படகு, பிறகு கப்பல், கட்டார், கிரேக்கம், இத்தாலி என்று ஓரிடத்திலும் கால் தரிக்காமல் அலைந்து கடைசியில் பிரான்சில் அகதி அட்டை கிடைத்தது. அந்த அட்டையோடு ஊருக்குப் போக முடியாது. மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடும் அலுவலும் சரிவரவில்லை. அவள் சின்னவளாக இருந்தபோது திருச்சியில் ஒரு லொட்ஜில் மூவரும் ஒரு மாதம் இருந்தோம். மற்றதெல்லாம் தொலைபேசிதான். ஆகவே அவள் அறைக்குப் போன அன்று தகப்பன் என்று நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே. வீட்டுக்காரி செல்வராணி அக்காவை அழைத்து, “அக்கா, பிள்ளையை உங்களிட்டைப் பாரம் தந்திட்டன். உங்கடை பிள்ளை மாதிரிப் பாருங்கோ” என்றேன். எல்லோரும் சொல்வதுதான். அக்கா அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மகள் அழைத்தாள்.

“அப்பா, அந்த வீட்டுக்கார அன்ரி என்னைத் தின்னுறா. ஏன் பிந்தினாய், ஆரோடை கதைச்சாய், ஏன் சோறு மிச்சம், தலை காயேல்லை, ஏன் முகம் வாடிக் கிடக்கு. குளிக்கப் போனாலும் வெளியிலை நிண்டு கூப்பிடுறா.”

“ஒரு அக்கறையிலைதானே அம்மா.”

“அக்கறை எண்டால் நீங்கள் வந்து இருங்கோ. ஒண்டில் அவவிட்டைச் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் படிப்பும் வேண்டாம் எண்டு வீட்டை போறன்.”

அது வெறும் பேச்சு இல்லை. முதல் சோதனையில் புள்ளி குறைவு. ஒரு முறை உடுப்புப் பையோடு பஸ் நிலையம் வரை வந்து திரும்பியிருக்கிறாள் என்று மனைவி சொன்னாள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள். “ஏதாவது செய்யவேணும்” என்றேன். “பாரம் குடுத்தது நீங்கள். நீங்களே எடுங்கோ” என்று மனைவி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அதே நாட்களில் விடுதியின் இரண்டாம் மாடியில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பகலிலும் திரைச்சீலை மூடியபடி. பொதுச் சமையலறைப் பக்கம் வருவதே இல்லை. ஒருநாள் நடையில் எதிர்ப்பட்டபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “மாஞ்ஜே?” என்றேன், சாப்பிட்டாயா என்ற பொருளில். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாதிப் பிஸ்கட் பைக்கற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்குப் பசி என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் மேற்பார்வைக்காரப் பெண் என்னைக் கூப்பிட்டு, மாணவர்களின் சொந்த வாழ்க்கையில் தலையிடாதே, கதவைத் தட்டாதே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் அது மரியாதை. குளிர் தொடங்கிய ஒரு காலை அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் வந்து, கொண்டுவந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டு போனார்கள். படிப்பை விட்டுவிட்டாளாம். ஏன் என்று தெரியாது. யாராவது கேட்டிருந்தால் நின்றிருப்பாள் என்றும் நான் சொல்லமாட்டேன். படுக்கை விரிப்பை உருவினேன், அறையைக் கூட்டினேன். அன்று முழுவதும் மனம் சரியில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் செல்வராணி அக்காவை அழைத்தேன்.

“அக்கா, பெட்டை கொஞ்சம் சிணுங்குது. கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோவன்.”

“நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், உங்கடை பிள்ளை மாதிரிப் பாருங்கோ எண்டு. நான் என்ரை பிள்ளையை உப்பிடித்தான் பாத்தனான். அவளும் உப்பிடித்தான் கத்தினவள். இப்ப லண்டனிலை இருந்துகொண்டு, அம்மா நீ ஒண்டும் கேக்கிறாயில்லை எண்டு குறை பிடிக்கிறாள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“அப்ப தந்ததைத் திருப்பி எடுக்கிறியளோ?”

“இல்லையக்கா. கேள்வியை மட்டும் குறையுங்கோ. கதவு கனநேரம் பூட்டிக் கிடந்தால் ஒருக்கால் தட்டுங்கோ.”

“சரி. ஆனால் ஆரும் கேக்காட்டில் அந்தப் பிள்ளை ஆரிட்டைச் சொல்லும்?”

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த கிழமை மூன்றாம் மாடி நடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். அங்கே மத்தியானம்.

“அப்பா, அன்ரி இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை.”

“நல்லதுதானே.”

“ஓம்.”

வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. பிறகு மெதுவாக, “நீங்கள் ஏதும் கேளுங்கோவன்” என்றாள்.

நான் துடைக்கும் தடியைச் சுவரில் சாய்த்தேன். இத்தனை வருடமும் நான் அவளிடம் கேட்டவை மூன்றுதான்: காசு வந்ததா, படிக்கிறாயா, அம்மா சுகமா. நான்காவது கேள்வி எனக்குப் பழக்கமில்லை.

“உன்ரை அறை யன்னல் எந்தப் பக்கம் பாக்குது?”

“பின்பக்கம். கிணத்தடி தெரியும். பக்கத்து வளவிலை ஒரு மாமரம். அணில் கத்திக்கொண்டே இருக்கும்.”

“மேசை?”

“யன்னலோடைதான். ஒரு கால் ஆடும். கடதாசி மடிச்சு வைச்சிருக்கிறன்.” அவள் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “அப்பா, இங்கிலிசிலை படிப்பிக்கினம். எனக்கு விளங்குதில்லை. எல்லாருக்கும் விளங்குது போலை கிடக்கு. கேக்க வெக்கமாக் கிடக்கு.”

வீட்டுக்கார அக்காவைப் பற்றிய முறைப்பாட்டுக்குள் இருந்தது இதுதான். “எனக்கும் இஞ்சை பாதி விளங்கிறேல்லை” என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

“சரி, வைக்கிறன். ரெண்டு மணிக்கு வகுப்பு, போகவேணும்.”

என் இடுப்பில் இந்தக் கட்டடத்தின் எல்லா அறைகளுக்குமான திறப்புக் கோர்வை தொங்குகிறது. எதையும் திறக்கலாம், எதையும் தட்டக்கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொன்ன அடையாளங்களைப் பிடித்து, ஆடும் மேசையைத் தாண்டி, அந்த யன்னலடியில் போய் நின்றேன். ஈரத் தரையில் யாரோ ஒரு மாணவன் கால் வைத்துவிட்டு, “பார்தோன்” என்று மன்னிப்புக் கேட்டான். “ஓம்” என்றேன்.