பூட்டி வைத்த டிரிம்மர்

பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்று அவள் சொன்னதும், ஸ்கூட்டரில் உட்கார வைத்து அவிநாசி ரோட்டில் இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற பெண். அந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கிய நான் ஒரு நல்லது செய்கிறேன் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் இருந்தது.

டாக்டர் ஒவ்வொரு பல்லாகக் காற்று ஊதிப் பார்த்தார். மேல் முன்பல்லுக்கு வந்ததும் அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“கூச்சம் சட்டுனு போயிருதுங்களா, இல்ல நின்னு வலிக்குதுங்களா?”

“ஒடனே போயிரும் டாக்டர்.”

“அப்ப நரம்பு வரைக்கும் இன்னும் போகலீங்க.” பல்லின் நுனியில் சின்ன வெட்டு ஒன்று இருப்பதைக் காட்டினார். அரம் வைத்து ராவியதுபோல இருந்தது. “நூலைப் பல்லுல கடிச்சு அறுப்பீங்களா?”

“இல்ல டாக்டர். நான் அப்பிடில்லாம் கடிக்க மாட்டேன்.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் நாள் முழுக்கக் கடிப்பதைப் பார்ப்பவள் நான். கடிக்க வைத்தவளும் நான்தான். ஒருமுறை டிரிம்மர் ஒன்று, நூல் வெட்டும் சின்னக் கத்தரி, காணாமல் போய், துணிக்குள் விழுந்திருக்குமோ என்று அனுப்பத் தயாராக இருந்த குழந்தைத் துணிப் பெட்டிகளையெல்லாம் பிரித்துத் தேட வேண்டியதாயிற்று. முதலாளி கத்திய கத்தலில், அன்றைக்கே எல்லா டிரிம்மர்களையும் பிடுங்கி என் டிராயரில் பூட்டினேன். வேண்டுமென்றால் எழுந்து வந்து கேட்க வேண்டும். கேட்டு வந்தால், போய்ப் பீஸைத் தைத்துப் போடு என்று விரட்டுவேன். கொஞ்ச நாளில் யாரும் கேட்டு வருவதே நின்றுபோனது. லைன் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவள்.

டாக்டர் விடவில்லை. பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று அந்தப் பழியையும் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

“கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதித் தர்றனுங்க. வெட்டையும் அடைச்சு விடறேன். ஆனா காரணம் நிக்கலைன்னா அடைச்சது பேந்துரும். அப்புறம் நரம்புக்குப் போயிருமுங்க.”

அவள் தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

டாக்டர் பல்லை அடைத்து முடித்ததும், அவள் பேஸ்ட் வாங்க வெளியே போனாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“அந்தப் புள்ள நூலைக் கடிக்குதுங்க, டாக்டர். நாந்தானுங்க டிரிம்மரைப் பூட்டி வெச்சிருக்கறேன்.”

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “பல்லைப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. இல்லைன்னு சொல்றப்ப அவங்க என்னைப் பாக்கலீங்க. உங்களத்தான் பாத்தாங்க.”

மறுநாள் காலையில் டிராயரைத் திறந்து, ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டிரிம்மரை நாடாவில் கட்டித் தொங்கவிட்டேன். கட்டி வைத்தால் காணாமல் போகாது. இந்தப் புத்தி அன்றைக்கே வந்திருக்கலாம். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு எடுத்து வெட்டினார்கள். அவள் மட்டும் நூலை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். டிரிம்மரைத் தொடுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், எடுக்கலாமா என்று.