ஒருவரும் வராத தளம்

கட்டாரில் வேலை செய்யும் என் கணவர்தான் என்னை அந்த பிளாக்செயின் சமூக வலைத்தளத்தில் சேர்த்தார். "இஞ்ச போட்டத ஒருத்தராலயும் அழிக்கேலா, புள்ள. பாரு, ஊர்ச்சனம் முழுக்க இஞ்சதான் வரும்" என்றார்.

ஒருவரும் வரவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஊரே கூடியிருக்கும் பழைய தளத்தில் வீட்டுக்கு முன்னாலுள்ள வாவியின் படமொன்று போட்டாலும், மாமியிலிருந்து தேற்றாத்தீவுச் சித்தி வரை வந்து கருத்துச் சொல்வார்கள். இங்கே நாங்கள் இருவர் மட்டும்.

போன மாதம், "சனமில்லாத இடத்தில என்னத்துக்குக் கிடக்க?" என்று அவர் பழைய தளத்துக்கே திரும்பிவிட்டார். என் பிறந்தநாளுக்கு அங்கே, முழுக் குடும்பத்துக்கும் முன்னால், பூங்கொத்துப் படம் போட்டார்.

அழிக்க முடியாது என்றது மட்டும் உண்மை. "வாவிக் காத்து வருதா, புள்ள?" என்று முன்னர் அவர் கேட்டது இங்கே அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அதன் கீழே எழுதினேன்: "வருது."