நாக்கில் ஒட்டிய எலும்பு

குச்சி ஐஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டதும் பேத்தி அலறினாள். வெதுவெதுப்பான நீரை ஊற்றி எடுத்துவிட்டேன். அவள் அலறலில் என் பழைய அலறல் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் சிறுமி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்த தாய்மாமன், பொள்ளாச்சிப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு சாக்கு நிறைய எலும்புகளோடு வந்தார். எல்லாம் அவர் பொறுக்கிச் சேர்த்தவை, கல்லாக இறுகிப்போனவை.

"ஒரு காலத்துல கடல்ல திரிஞ்ச ராட்சசப் பல்லியோடது, கண்ணு."

அந்த வாரம் சந்தைக்குப் போன வியாபாரி ஒருவர் ஊர் திரும்பவில்லை. எலும்புச் சேதி பரவியதும், மாமாதான் அவரைக் கொன்றுவிட்டார் என்று தடிகளோடு கூட்டம் வந்துவிட்டது. அம்மா கதவை மறித்து நின்று அழுதாள்.

"என்ற தம்பி அப்படிப்பட்டவன் இல்லீங்க!"

மாமா ஒரு துண்டை நக்கிக் காட்டினார். "புதுசா செத்த மனுச எலும்பு நாக்குல ஒட்டாதுங்க. கல்லானதுதான் ஈரத்த உறிஞ்சி ஒட்டும்."

"நீ நடிக்கறே. அந்தப் புள்ள நக்கட்டும்," என்று என்னைக் காட்டினார் கூட்டத்தில் ஒருவர்.

ஒட்டாவிட்டால் மாமாவை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை வைத்தேன். எலும்பு கவ்விப் பிடித்தது. வீறிட்டேன்.

தடிகள் தாழ்ந்தன. பிறகு அந்த வியாபாரியும் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆனால் கூட்டம் வந்த மறுநாளே சாக்கைத் தூக்கிக்கொண்டு போன மாமா, எங்கள் ஊரை மறுபடி மிதிக்கவில்லை. தாய்மாமன் இல்லாமலே என் கல்யாணம் நடந்தது.